கோகிலாவின் இடது கால்

சங்கரன்கோவில்,
ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகன் பேச்சிராஜுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். உன் மகள் நலம்; பால் குடிக்கிறாள், அழுகிறாள், இரண்டையும் உரக்கச் செய்கிறாள். உன் மனைவி கோகிலா நலமாகிக்கொண்டிருக்கிறாள். நலம் என்று முடித்து எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. நீ அங்கே நலம் என்று நீயே சொல்லுகிறாய், வேறு சாட்சி இல்லாததால் அதை அப்படியே வைத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை நம் தெரு ஆதமின் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவன் விடுப்பு முடிந்து நாளை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான். உறையை ஒட்டி, ஒட்டின்மேல் குறுக்காகக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கோடு விலகியிருந்தால் எனக்குத் தெரிவி. பையன் நல்லவன்தான், ஆனால் அடுத்த வீட்டுச் செய்தி கிடைக்காவிட்டால் அவன் தாய்க்குச் சோறு இறங்காது. ஃபோனில் பேசினால் என்ன என்று கேட்பாய். ஃபோனில் நீ நான்கு பேர் படுத்திருக்கும் அறையில் இருந்துகொண்டு, என் வாக்கியம் முடியுமுன் 'சரிம்மா, சரிம்மா' என்கிறாய். பெண்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். எதற்கும் சரி என்று தலையாட்டுகிற பிள்ளை பாடத்தைக் கேட்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும். காகிதத்திடம் சரி சொல்லித் தப்ப முடியாது, படித்துத்தான் ஆகவேண்டும்.

விஷயம் இதுதான். கோகிலாவின் இடது காலில், தொடைக்குள் ஓடுகிற ரத்தக்குழாயில், ரத்தம் உறைந்து கட்டியாகி நிற்கிறது. அந்தக் கட்டி இருந்த இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டும். கரையுமுன் அதில் ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் ஆளே போய்விடுவாள். அது வளராமலும் புதிதாக உறையாமலும் காப்பதற்குத்தான் காலையும் மாலையும் வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசி. அந்த ஊசியை நிறுத்தச் சொல்லி அவளிடம் ஒருவர் சொல்லியிருக்கிறார், அவளும் நிறுத்தியிருக்கிறாள். அவர் யார் என்பதைக் கண்டுபிடித்துவிட்டேன். இருந்தாலும் முறையாக முதலிலிருந்தே எழுதுகிறேன், ஏனென்றால் இங்கிருந்து உனக்கு வந்த செய்தியெல்லாம் ஆளுக்கொரு பக்கமாகக் கிழித்துக் கொடுத்தவை.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதாலும் மருத்துவமனை இங்கே இருப்பதாலும் உன் மாமியார் வள்ளித்தாய் வாசுதேவநல்லூரிலிருந்து பெட்டி படுக்கையோடு, பேறுகால மருந்து இடிக்க உரல் உட்பட, நம் வீட்டுக்கே வந்துவிட்டாள். வீடு என்னுடையது, ஆனால் பெற்றவளுக்குப் பார்ப்பது அவளுடைய உரிமை. அதில் நான் வாய் வைத்தால் மாமியார் கொடுமை என்ற பெயர் தெரு முனைவரை போகும். அதனால் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பெற்ற உடம்பு பச்சை உடம்பாம், அசையக்கூடாதாம். பின்கட்டு அறையில் சன்னலைச் சாத்திப் படுக்க வைத்தாள். அடிவயிற்றில் பழைய வேட்டியை இறுக்கிக் கட்டினாள். தண்ணீர் கேட்டால் ஒரு சிறு டம்ளர், அதுவும் காய்ச்சி, அதுவும் பாதி. "நாக்கு ஒட்டுதுன்னு சொல்லுதாளே, கொஞ்சம் கூடக் குடுங்களேன்" என்று நான் ஒருநாள் சொன்னதற்கு, "தண்ணியக் குடிச்சா வயிறு தொப்பையா விழுந்துரும் மதினி, பொறவு சேலையே நிக்காது. நீங்க படிச்சவுக, நாங்க பெத்தவுக" என்றாள். நான் பெற்ற ஒன்று மஸ்கட்டில் உட்கார்ந்திருப்பதை அவளுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் நடக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். கோகிலாவுக்கு அது தெரியும். தெரிந்தும் தன் தாய்க்கு முன்னால் எழுந்து நடக்கத் துணியவில்லை. உண்மையைச் சொன்னால், அவள் கால் வலிக்கிறது என்று முனகியபோது, தாய் வந்ததும் மகள் சொகுசு பழகுகிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. யாரையும் எடுத்த எடுப்பில் நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை, நோயாளியையும் சேர்த்து.

அந்த வாரம் வியாபாரிகள் சங்க மண்டபத்தில் ரத்தக் கட்டி பற்றி விழிப்புணர்வுக் கூட்டம், அனுமதி இலவசம் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிப் போனார்கள். இந்த ஊரில் இலவசக் கண் பரிசோதனை என்றால் வாசலிலேயே கண்ணாடிக்காரன் நிற்பான். இவர்கள் எதை விற்க வந்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் போனேன். நான் நினைத்தபடியே மேசைமேல் முழங்கால்வரை இழுத்துவிடும் இறுக்கமான காலுறைகள் அடுக்கியிருந்தன. பேசியவர் நிர்மலாதேவி என்ற இளம் டாக்டர். கூட்டத்தில் பாதிப்பேர் விசைத்தறிக் கூடத்து ஆட்கள். ஒருவர் எழுந்து, "டாக்டரம்மா, நான் தறியில நாள் முழுக்க நின்னுக்கிட்டே கெடக்கேன், எங்க மாமியா டி.வி. முன்ன நாள் முழுக்க உக்காந்தே கெடக்கா. யாருக்கு மொதல்ல அடைக்கும்?" என்று கேட்டார். அவர் மனைவி பக்கத்திலிருந்து, "வீட்டுக்கு வாரும் வே, யாருக்கு அடைக்கும்னு நான் காட்டுதேன்" என்றாள். மண்டபம் சிரித்து அடங்கியதும் டாக்டர், ரெண்டு பேருக்குமே வரலாம் அண்ணாச்சி, கால் ஒரே நிலையில் நெடுநேரம் கிடந்தால் ரத்தம் மேலே ஏறாமல் தேங்கும், தேங்கினால் உறையும் என்று அமைதியாகச் சொன்னார். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், எலும்பு முறிந்து கட்டுப் போட்டவர்கள், புற்றுநோய்க்காரர்கள், சிலவகைக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ரத்த உறவில் யாருக்காவது இது வந்தவர்கள் எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும் என்றார். அதன்பிறகு, பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பெற்ற ஆறு வாரம்வரை இந்த ஆபத்து மிக அதிகம், வயிற்றைக் கிழித்து எடுத்திருந்தால் இன்னும் அதிகம், தண்ணீர் கொடுக்காமல் படுக்கவே வைப்பதைப்போல் கெடுதல் வேறில்லை என்றார். என் எதிரே வந்து நின்று சொன்னதுபோல் இருந்தது.

நான் எழுந்து, இந்தக் காலுறை விற்பதில் உங்களுக்கு என்ன பங்கு என்று நேராகக் கேட்டேன். முகம் சுளிக்காமல், எல்லோருக்கும் இது வேண்டாம் அம்மா, டாக்டர் பார்த்துச் சொன்னால் மட்டும் போடலாம், சிலருக்குப் போடவே கூடாது. நடப்பதற்கும் தண்ணீர் குடிப்பதற்கும் யாரிடமும் எதுவும் வாங்க வேண்டியதில்லை என்றார். பதில் ஒழுங்காக இருந்ததனால் சந்தேகம் கூடியது. ஆகவே எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். ஒரு கால் மட்டும் வீங்கும், கெண்டைச் சதை பிடித்திழுத்தாற்போல் வலிக்கும், தொட்டால் சூடாக இருக்கும், நிறம் மாறும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ வீட்டில் வைத்துக்கொண்டு யோசிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். எக்காரணத்தைக் கொண்டும் வீங்கிய காலை உருவி விடக்கூடாது என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் செருப்பைத் தேடினேன். அன்றைக்கு வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்ட வருகிற காசி, கோகிலாவின் காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சற்று முன்னதாகவே வருவதாக இருந்தது.

நான் உள்ளே நுழைந்தபோது எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. காசி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "வாயு எறங்கிக் கெடக்கு, ரெண்டு உருவுல ஓடிப்போகும் பாருங்க" என்றாள். கையை எடு என்று நான் போட்ட சத்தத்தில் தொட்டிலில் குழந்தை விழித்துக்கொண்டது. தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் ஒரே உயரத்தில் சுற்றி அளந்தேன். இடது கால் வலது காலைவிட இரண்டு விரல் அகலம் பருத்திருந்தது. தோல் மின்னியது, சுட்டது. வள்ளித்தாய்க்குப் பொறுக்கவில்லை. "எம்மக காலச் சட்டைத் துணி மாதிரி அளக்கீகளே மதினி, அவளுக்கு என்ன பாவாடையா தைக்கப் போறீக? பிள்ளை பெத்தா கால் வீங்கத்தான் செய்யும்" என்றாள். இரண்டு காலும் வீங்கினால் நீங்கள் சொல்லுவது, ஒரு கால் மட்டும் வீங்கினால் டாக்டர் சொல்லுவது என்று சொல்லி ஆட்டோவைக் கூப்பிட்டேன். ஸ்கேனில் கட்டி தெரிந்தது. அதே நிர்மலாதேவிதான் பார்த்தார். உருவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டதற்கு, உருவவில்லையல்லவா, அதுபோதும் என்றார். நான் அவரையும் முழுதாக நம்பிவிடவில்லை. படங்களை எடுத்துக்கொண்டு திருநெல்வேலியில் இன்னொரு டாக்டரிடம் காட்டினேன், அவரும் அதே ஊசியைத்தான் சொன்னார். பால் கொடுக்கலாமா என்று இரண்டு பேரிடமும் தனித்தனியே கேட்டேன், தாராளமாகக் கொடுக்கலாம் என்று இரண்டு பேரும் சொன்னார்கள். முதலில் ஊசி, பிறகு ரத்தம் சோதித்து அளவு பார்த்து மாத்திரை, குறைந்தது மூன்று மாதம். இது உனக்குத் தெரிந்த பகுதி.

இனி உனக்குத் தெரிந்தும் என்னிடம் நீ சொல்லாத பகுதி. தினமும் ஊசி போட அடுத்த தெரு நர்ஸ் நூருல் ஹுதாவை வரச்சொல்லலாம் என்றேன். கோகிலா, "வேண்டாம் அத்தை, ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்துட்டாக, நானே போட்டுக்கிடுதேன்" என்றாள். வயிற்றைத் திறந்து காட்ட வெட்கம் போலும் என்று விட்டுவிட்டேன். கதவைச் சாத்திக்கொள்வாள், சற்று நேரத்தில் வெளியே வருவாள். என் சந்தேகமெல்லாம் உன் மாமியார்மேல்தான் இருந்தது. ரத்தத்தைக் கெடுக்கிற ஊசி என்று அவள் காசியிடம் முணுமுணுத்ததைக் கேட்டிருந்தேன். அவள் கையில் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தாலே பின்னால் போய் நின்றேன். புளியங்குடியில் உருவி விடுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று அவள் யாரிடமோ விசாரித்த நாளிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் ஸ்கேன் படங்களையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இத்தனை காவலும் தவறான வாசலில் நின்றது. போன வெள்ளிக்கிழமை வள்ளித்தாய் வயிற்றுத் துணியைத் தளர்த்தி மாற்றும்போது நான் பக்கத்தில் இருந்தேன். அந்த ஊசி குத்திய இடத்தில் சிறிதாகக் கன்றிப்போகும். புதிதாயிருந்தால் கருநீலம், நாளாக ஆகப் பச்சை, பிறகு மஞ்சள். கோகிலாவின் வயிற்றில் பச்சை இருந்தது, மஞ்சள் இருந்தது. நீலமாக ஒன்றுகூட இல்லை.

அவளை எதுவும் கேட்காமல் அறையைத் தேடினேன். குழந்தையின் மடித்த துணிகளுக்கு அடியில், போடாத ஊசிகள் மூடி கழற்றாமல் கிடந்தன. யார் சொன்னது என்று கேட்டேன். தன் தாயைத்தான் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன், அவள் தாயும் அதே எதிர்பார்ப்போடு முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றாள். "அவுகதான் அத்தை போன்ல சொன்னாக. ரத்தத்தத் தண்ணியாக்குற ஊசியாம், பச்ச ஒடம்புல போட்டா ரத்தம் நிக்காமப் போயிருமாம், பால்ல எறங்கிப் பிள்ளைக்கும் போகுமாம். கூட்டாளி அனுப்பினதுன்னு ஒரு வீடியோவும் அனுப்பினாக" என்று அழுதாள். யாரிடமும் சொல்லாதே, அம்மா படித்தவள், சண்டைக்கு வருவாள் என்றும் நீ சொன்னாயாம். சண்டைக்கு வந்திருக்கிறேன், பேச்சிராஜ். ஃபோனில் தாடி வைத்துக்கொண்டு பேசிய அந்த மனிதரின் வீடியோவை நானும் முழுதாகப் பார்த்தேன். அவர் கோகிலாவின் காலைப் பார்த்தாரா? உன் மகளின் எடை அவருக்குத் தெரியுமா? ஊசியை நிறுத்தச் சொன்ன வாயால் கடைசியில் தம்முடைய லேகியத்துக்கு நம்பர் கொடுத்தாரே, அதையாவது கவனித்தாயா? மேசைமேல் காலுறை இருந்ததற்கே ஒரு டாக்டரை எழுந்து நின்று கேள்வி கேட்ட வீட்டில் பிறந்தவன் நீ. நீ பயந்துதான் சொல்லியிருப்பாய், கெடுதல் நினைத்து அல்ல. அது எனக்குப் புரிகிறது, புரிவதனால் கோபம் குறையவில்லை. பயம் வந்தால் டாக்டரைக் கேட்க வேண்டும். அவர் நம்பர் உன்னிடம் இருக்கிறது, நான்தான் அனுப்பினேன்.

வள்ளித்தாய் உன்னைப் பற்றிச் சொன்னதையெல்லாம் எழுதினால் உறை பற்றாது. "மருமவன்னு பாக்கேன், இல்லேன்னா ஏலேன்னுதான் கூப்பிடுவேன்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் கோபம் தீர்ந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் டாக்டர் கேட்டும் சொல்லாத ஒன்றை அப்போதுதான் சொன்னாள். அவளுடைய தங்கை பிள்ளை பெற்றுப் பத்துப் பதினைந்து நாளில் செத்திருக்கிறாள். "ஒரு காலு தூணு மாதிரி வீங்கிக் கெடந்துச்சு மதினி. தண்ணி தண்ணின்னா, நாங்க குடுக்கல. ஒருநாள் எந்திரிச்சு வாசப்படி வரைக்கும் வந்தா. மூச்சு முட்டுதுக்கான்னு சொன்னா, அப்படியே சரிஞ்சுட்டா. காத்துக் கருப்பு அடிச்சிருச்சுன்னு சொன்னாக, நாங்களும் அப்படியே நெனச்சுக்கிட்டோம்." குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா என்று டாக்டர் அன்றைக்குக் கேட்டபோது ஏன் இல்லை என்று சொன்னீர்கள் என்றேன். "பேயடிச்சதுன்னு டாக்டர்ட்டப் போயி எப்படிச் சொல்லுவேன்?" என்றாள். அன்றே இரண்டு பேருமாகக் கோகிலாவை டாக்டரிடம் அழைத்துப் போனோம். தங்கை இறந்ததைச் சொன்னோம், நின்றுபோன ஊசிகளையும் சொன்னோம். விட்டதற்கெல்லாம் சேர்த்துப் போடக்கூடாது, இன்றிலிருந்து தவறாமல் தொடருங்கள் என்றார். மறுபடி ஸ்கேன் எடுத்ததில் கட்டி வளரவில்லை. இது நல்ல காலம், உன் சாமர்த்தியம் அல்ல. இந்தச் செய்தி உன் மகளுக்கும் சேர்த்துத்தான். அவள் வளர்ந்து என்றாவது பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நின்றால், தாய் வழியில் இது உண்டு என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அப்போது நான் இருக்கமாட்டேன், நீ இருப்பாய்.

இப்போது வீட்டு நடப்பு மாறியிருக்கிறது. சன்னல் திறந்திருக்கிறது. தண்ணீர்ச் செம்பு கோகிலாவின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது, அதைக் காலியாக்கச் சொல்லி விரட்டுகிறவள் அவள் தாய்தான். டாக்டர் சொன்னபடி அறைக்கும் வாசலுக்குமாக நடக்கிறாள், படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் அசைக்கிறாள். காசிக்குக் குழந்தையைத் தவிர வேறெதையும் தொட அனுமதியில்லை. அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எனக்கு அதில் நஷ்டமில்லை. பல் ஈறில் ரத்தம் வருகிறதா, சிறுநீர் சிவந்திருக்கிறதா, தீட்டு அளவுக்கு மீறிப் போகிறதா என்று தினமும் கேட்கிறோம். நீ பயந்த விஷயத்துக்கும் பார்க்கிற முறை என்று ஒன்று உண்டு, நிறுத்துவது அந்த முறை அல்ல. உனக்கும் ஒரு வார்த்தை. கண்காணிப்புக் கேமரா அறை வேலையில் பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாய். மணிக்கொரு தரம் எழுந்து நட, தண்ணீர் குடி, கழிப்பறைக்குப் போகச் சோம்பிக்கொண்டு தண்ணீரைக் குறைக்காதே. உன் அறைத் தோழர்கள் வெளியே போய்ப் புகைக்கும்போது நீயும் துணைக்குப் போகிறாயோ என்று எனக்கொரு சந்தேகம் உண்டு. போகிறாய் என்றால் அதையும் விடு. தை மாதம் நீ ஊருக்கு வருகிற விமானப் பயணம் சிறியது, அதற்கு அஞ்ச வேண்டாம். உன் நாற்காலிக்குத்தான் அஞ்ச வேண்டும்.

நான் இதை எழுதுவதற்குக் காரணம் இன்னும் தீரவில்லை. இன்று காலை கோகிலா ஊசி போட்டுக்கொண்டபோது நான் ஒரு பக்கமும் வள்ளித்தாய் ஒரு பக்கமும் நின்றோம். ஊசியைக் காவல் காக்க இரண்டு கிழவிகள் போதும். அடுத்த வாரம் மாத்திரை தொடங்குகிறது. மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கி வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்த் துப்பினால் யாருக்குத் தெரியும்? அவள் எங்களுக்குப் பயந்து போட்டுக்கொள்கிறாள், உன்னை நம்பி நிறுத்தினாள். நீ சொன்னதை நீதான் திரும்பப் பெற வேண்டும், அதை வேறு யாராலும் செய்ய முடியாது. ஆகவே இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே கூப்பிடு. என் ஃபோனில் அல்ல, அவளுடையதில். நான் சொன்னது தப்பு, டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை விடாதே என்று உன் வாயால், மெல்லாமல் விழுங்காமல் சொல். சொல்லிவிட்டேன் என்று பிறகு நீ எனக்குச் செய்தி அனுப்பினால் நான் அதை நம்பமாட்டேன். அவள் தானாக எழுந்து, யாரும் பக்கத்தில் நிற்காமல், மாத்திரையைப் போட்டுத் தண்ணீரும் குடித்தால்தான் நம்புவேன்.

கோமதியம்மன் உங்கள் மூவரையும் காக்கட்டும். அவளுக்கு வேலை கூட்டாமல் நீயும் கொஞ்சம் காத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. ஆதமிடம் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்திருக்கிறேன், உள்ளே பார்த்து வாங்கு. அந்த வீடியோவை அழித்துவிடாதே, அதை அனுப்பிய நண்பனுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டிய பிறகு அழி. அவனுக்கும் ஊரில் ஒரு மனைவி இருப்பாள்.

இப்படிக்கு,
உன் அழைப்பை எதிர்பார்த்து, அதுவரை யாரையும் நம்பாமல் இருக்கும்
உன் அம்மா,
சங்கரேஸ்வரி.